ஓடுவதும் ஓட்டுவதும்

பாறசாலைக்கு அருகே எங்கள் ஊரில் என் தாய்மாமன் ஒருவர் இருக்கிறார். 22 ஆண்டுகள் சார்ஜாவில் ஒர்க்‌ஷாப் மெக்கானிக்காக உழைத்தவர். அங்கே சம்பாதித்த பணத்தில் சாலையோரமாக 12 சென்ட் ரப்பர் நிலம் வாங்கிப் போட்டிருந்தார். சென்ற ஆண்டு அந்த நிலத்தை விற்று, பெங்களூரில் ஒருவர் ஓட்டிக் கழித்த இரண்டு இருக்கைப் போர்ஷே கேமன் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். மாமி மூன்று நாள் அவருடன் பேசவில்லை. நான்காம் நாள் பேசிய முதல் வாக்கியம், "மண்ணை வித்துத் தகரம் வாங்கியாச்சு" என்பது.

காரைப் பார்க்க ஊரே வந்தது. பார்த்தவர்கள் செய்த முதல் காரியம், முன்மூடியைத் திறக்கச் சொன்னது. திறந்தால் உள்ளே எஞ்சின் இல்லை. பெட்டி வைக்கும் குழிதான் இருந்தது. சரி, பின்னால் இருக்கும் என்று பின்கதவைத் திறக்கச் சொன்னார்கள். அங்கும் பெட்டி வைக்கும் இடம்தான். "அப்பொ எஞ்சின் எங்ங?" என்று ஒருவர் கேட்டார். மாமா இருக்கைகளுக்குப் பின்னால் கம்பளம் போர்த்திய மேடு ஒன்றைத் தட்டிக் காட்டி, "இதுக்கு உள்ள" என்றார். கூட்டத்துக்கு அது நம்பும்படியாக இல்லை. அதன்பின் கேள்விகள் வழக்கமான திசைக்குத் திரும்பின. எவ்வளவு ஆயிற்று, மைலேஜ் எத்ர கிட்டும், விற்றால் என்ன வரும், கடன் உண்டா. ஏறத்தாழ நாற்பது பேர் வந்து போனார்கள். அது எப்படி ஓடுகிறது என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

நானும் கேட்கவில்லை. எல்லையோர ஊர்களின் ஒர்க்‌ஷாப்களில் வழங்கும் சொற்களைத் தொகுத்து முனைவர் பட்ட ஆய்வு செய்பவன் நான். உதவித்தொகை எந்த மாதம் வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு இந்தக் கார் ஒரு வீண்பகட்டாகவே தோன்றியது. நுகர்வுப் பண்பாடு, வளைகுடாப் பணம், ஆண்மையின் காட்சிப்படுத்தல் என்று நம் கருத்தரங்கச் சொற்கள் எல்லாம் மனத்தில் வரிசையில் வந்து நின்றன. அவற்றுள் எதுவும் முழுப்பொய் அன்று. ஆனால் ஓராண்டுக்குப் பிறகு, அந்தக் காரை ஒருமுறை நானே ஓட்டி, ஏறக்குறைய அதைக் கவிழ்த்தும் விட்ட பிறகு, நான் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். அதை எழுதவே இந்தப் பதிவு.

மொழியிலிருந்தே தொடங்குகிறேன். உடைமையைச் சொல்லத் தமிழில் பேச்சு வழக்கில் தனி வினைச்சொல் இல்லை. 'இரு' என்ற இருப்பு வினையையும் ஒரு வேற்றுமை உருபையும் வைத்தே உடைமையைக் குறிக்கிறோம். அதில் நுட்பமான ஒரு பிரிவு உண்டு. 'எனக்குத் தம்பி இருக்கிறான்', 'எனக்கு ஊரில் நிலம் இருக்கிறது' என்போம். 'என்னிடம் பத்து ரூபாய் இருக்கிறது', 'என்னிடம் கார் இருக்கிறது' என்போம். விட்டுப் பிரியாதவையும் நிலைத்தவையும் 'கு' உருபை ஏற்கின்றன. கைமாறக்கூடியவை 'இடம்' என்பதை ஏற்கின்றன. எல்லை எங்கும் கறாரானது அன்று. 'எனக்குக் கார் இருக்கிறது' என்பவர்களும் உண்டு. மலையாளத்தில் 'எனிக்கு காருண்டு' என்பதே இயல்பு என்பதால் எங்கள் ஊர்த் தமிழிலும் 'எனக்குக் கார் உண்டு' என்பது காதில் உறுத்துவதில்லை. ஆனால் மாமியின் கோபத்தை விளக்க இந்த இலக்கணம் எனக்கு உதவியது. மாமா 'எனக்கு' என்னும் ஒன்றைக் கொடுத்து 'என்னிடம்' என்னும் ஒன்றை வாங்கிவிட்டார். மாமியைப் பொறுத்தவரை நிலம் குடும்பத்தோடு உறவுகொண்டது. கார் முற்றத்தில் சில காலம் நிற்பது.

ஓட்டுவதற்கோ நம்மிடம் தெளிவான வினை உண்டு. ஓடு – ஓட்டு. ஆடு – ஆட்டு, கூடு – கூட்டு என்பவற்றைப் போல. ஒற்று இரட்டித்தால் தன்வினை பிறவினையாகிறது. மலையாளம் இதையே 'ஓடிக்குக' என்று வேறு விகுதியால் செய்கிறது. இரண்டிலும் பொருள் ஒன்றே: ஓடுவது வண்டி, ஓடச் செய்வது மனிதன். ஓட்டுபவன் ஓட்டுவதை நிறுத்தினாலும் வண்டி ஓடுவதை உடனே நிறுத்திவிடாது என்ற உண்மை இந்த இணையிலேயே அடங்கியிருக்கிறது. இதற்குப் பின்னர் வருகிறேன்.

அதற்கு முன், எஞ்சின் ஏன் அங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடவேண்டும். காவடி எடுத்தவர் சட்டென்று திரும்பமுடியாது. தண்டின் இரு முனையிலும் பாரம் தொங்குவதால், திரும்பத் தொடங்கவும் நேரமாகும், திரும்பியதை நிறுத்தவும் நேரமாகும். அதே எடையை ஒரே குடமாக இடுப்பில் வைத்திருப்பவர் எளிதில் திரும்புவார். காரில் மிகக் கனமான ஒற்றைப் பொருள் எஞ்சின். அதை மூக்கில் வைக்காமல் இரு அச்சுகளுக்கு நடுவே, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால், கார் இடுப்புக்குடம் ஏந்தியவரைப் போலத் திரும்பும். எடை பின்சக்கரங்களின் மேல் கூடுதலாக இருப்பதால் அவற்றின் பிடிப்பும் கூடும். பந்தயத் தடங்களில் இது எப்போதோ முடிவான விவாதம். 1959-இல் ஜாக் பிராபம் எஞ்சின் பின்னால் இருந்த கூப்பர் காரில் ஃபார்முலா ஒன் பட்டம் வென்றார்; அதன்பின் சில ஆண்டுகளிலேயே முன் எஞ்சின் பந்தயக் கார்கள் அத்துறையிலிருந்து மறைந்துபோயின.

பந்தயத் தடத்திலிருந்து சாதாரண மனிதரின் முற்றத்துக்கு இந்த அமைப்பு வந்த வழி சுவையானது. 1969-இல் போர்ஷேயும் ஃபோக்ஸ்வாகனும் சேர்ந்து செய்த 914, 1972-இல் வந்த ஃபியாட் எக்ஸ் 1/9, 1984-இல் வந்த டொயோட்டா எம்.ஆர். 2 ஆகியவற்றை இவ்வகையின் தொடக்கநிலைக் கார்கள் எனலாம். எக்ஸ் 1/9-இன் எஞ்சின் ஃபியாட் 128 என்ற குடும்பக் காருடையது, எம்.ஆர். 2 கொரோலா வரிசையின் எஞ்சினைப் பகிர்ந்துகொண்டது. வீட்டுக் காரின் மூக்கில் குறுக்காகப் படுத்திருந்த எஞ்சினைப் பல்சக்கரப் பெட்டியோடு தூக்கி இருக்கைக்குப் பின்னால் வைத்தார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம். உறுப்புகளைப் பகிர்ந்துகொண்டதால்தான் விலை குறைந்தது. 'தொடக்கநிலை' என்ற சொல்லுக்கு அங்கே ஒரு பொருள் இருந்தது: பள்ளி ஆசிரியரோ தொழிற்சாலை மேற்பார்வையாளரோ சேமித்து வாங்கி, ஓட்டக் கற்றுக்கொள்ளக்கூடியது.

'தொடக்கநிலை' என்பது உறவுச்சொல். எதன் தொடக்கம், யாருக்குத் தொடக்கம் என்று அது சொல்லாமல் விட்டுவிடும். விளம்பரத்தில் அச்சொல் வரும்போது, இதற்கு மேல் படிகள் இருக்கின்றன, நீ முதற்படியில் காலை வைத்துவிட்டாய் என்ற முற்கோளை நாம் அறியாமலே ஏற்றுக்கொள்கிறோம். இந்தியாவில் போர்ஷேயின் தொடக்கநிலை நடு எஞ்சின் காரைப் புதிதாக வாங்க ஒரு கோடிக்கு மேல் வேண்டியிருந்தது. 40,000 டாலருக்கு மேல் விலையுள்ள, முழுமையாக இறக்குமதியாகும் கார்களுக்குக் கடந்த பத்தாண்டுகளின் பெரும்பகுதியில் 100 விழுக்காடு சுங்கவரி இருந்தது. ஆகவே அந்தத் 'தொடக்கம்' எந்தப் படிக்கட்டின் தொடக்கம் என்பது தெளிவு.

உள்நாட்டில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2012 தில்லி வாகனக் கண்காட்சியில் டிசி நிறுவனம் அவந்தி என்ற காரை வைத்தது. ரெனோவின் 2 லிட்டர் டர்போ எஞ்சின், இருக்கைக்குப் பின்னால். பின்னர் விற்பனைக்கு வந்தபோது விலை சுமார் 35 இலட்சம். 2017-இல் ஜெனீவா கண்காட்சியில் டாடா நிறுவனம் டாமோ ரேசெமோ என்ற காரைக் காட்டியது, 1.2 லிட்டர் டர்போ, 190 குதிரைத்திறன், அதுவும் நடு எஞ்சின். அவந்தி மிகச் சிலரிடமே போய்ச் சேர்ந்தது. ரேசெமோ உற்பத்திக்கே வரவில்லை. ஃபியாட்டும் டொயோட்டாவும் தம் நாடுகளில் திறந்துவைத்த கதவை நாம் திறந்து பார்த்தோம். பின்னால் அறை கட்டப்பட்டிருக்கவில்லை.

ஆனால் ஒரு விந்தை உண்டு. இந்தியா நடு எஞ்சின் வண்டியை அறியாத நாடு அன்று. நம்மில் பலர் பள்ளிக்கே அதில்தான் போனோம். 1984-இல் மாருதி வேன் என்று வந்து, பின்னர் ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை விற்ற வண்டியின் எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில் இருந்தது. விசை பின்சக்கரங்களுக்குப் போனது. வகைப்பாட்டு அட்டவணைப்படி அதுவும் நடு எஞ்சின், பின்சக்கர இயக்கம். கோடையில் முன்னிருக்கையில் உட்கார்ந்தவர்களின் தொடைக்கு இந்த உண்மை நன்றாகத் தெரியும். ஆம்புலன்ஸ், பால்வண்டி, பள்ளி வண்டி, சினிமாவில் ஆள்கடத்தும் வண்டி என எல்லாமாகவும் இருந்த அதை யாரும் ஸ்போர்ட்ஸ் கார் என்று அழைத்ததில்லை. மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் இன்றும் ஒரு பழைய ஆம்னி நிற்கிறது. கேமனுக்கு அருகில் அதை நிறுத்தி, "ரெண்டும் ஒரே சாதிதான் மக்களே, ஒண்ணு கூலிக்குப் போவுது" என்று அவர் சொல்வார்.

அந்த ஆம்னியின் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின், மாருதி 800-இன் எஞ்சின். 800-இல் அது மூக்கில் இருந்தது. ஆம்னியில் இருக்கைக்கு அடியில் இருந்தது. அதை மூன்றாவதாக ஓரிடத்தில் வைத்தவர் கோவைக்காரர் ஒருவர். எஸ். கரிவரதன், கோவையைச் சேர்ந்த தொழிலதிபர், பந்தய ஓட்டுநர். 1980-களின் இறுதியில் 800-இன் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். அதற்கு ஃபார்முலா மாருதி என்று பெயர். சாலையில் ஓட்டும் கார் அன்று அது. ஆனால் 'தொடக்கநிலை நடு எஞ்சின் கார்' என்ற தொடருக்கு இந்நாட்டில் நேர்மையாகப் பொருந்தும் ஒரே வண்டி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். வேகம் பெரிதன்று. எல்லோரிடமும் ஒரே எஞ்சின் என்பதால் வென்றவன் பணத்தால் வென்றான் என்று சொல்வதற்கு இடம் குறைவு. 1990-இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. அதற்கு முன் பந்தயங்கள் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்தன. கோவையின் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில்தான் தொடங்கினார். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது.

இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவந்தி ஒரு பொருளைக் கொடுத்து, உடையவர் ஆகுங்கள் என்றது. ஃபார்முலா மாருதி ஓர் இடத்தையும் ஒரு முறையையும் கொடுத்து, ஓட்டுநர் ஆகுங்கள் என்றது. முன்னது உடைமையின் தொடக்கநிலை. பின்னது திறனின் தொடக்கநிலை. நம் சமூகம் முன்னதைக் கொண்டாடவும் தெரிந்தது, பழிக்கவும் தெரிந்தது. பின்னதைக் கண்டுகொள்ளவே இல்லை.

எங்கள் ஊரைப் போல் எல்லையில் இருக்கும் ஊருக்கு, உடைமை என்பது எவ்வளவு தூரம் காகிதம் என்பதும் தெரியும். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர் இயக்கம் கோரிய நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. அந்தக் கோட்டின் ஒரு பக்கத்தில் கே.எல். 19 பாறசாலை, கே.எல். 20 நெய்யாற்றின்கரை, மறுபக்கத்தில் டி.என். 75 மார்த்தாண்டம். மாமாவின் குடும்ப வீடு களியக்காவிளைப் பக்கம். மாமியின் வீடு பாறசாலைப் பக்கம். கர்நாடகப் பதிவெண்ணோடு வந்த வண்டி வேறொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் நின்றால் அங்கே மறுபதிவு செய்யவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். எங்கே நிற்கிறது இந்த வண்டி? வெள்ளிக்கிழமை அங்கே, ஞாயிற்றுக்கிழமை இங்கே. 2017-இல் கேரளத்தின் விலையுயர்ந்த கார்கள் புதுச்சேரி முகவரிகளில் பதிவான செய்தி மாநிலத்தையே உலுக்கியது நினைவிருக்கும். மாமா அந்த வழிக்குப் போகவில்லை. வாழும் ஊரான பாறசாலையிலேயே வரியைக் கட்டினார். அதற்காக அலைந்த வாரங்களில் அவரிடம் கேட்கப்பட்ட சான்றுகளின் பட்டியலை நான் பார்த்தேன். முகவரி, தடையின்மை, காப்பீடு, புகை, வரி. எல்லாம் உடைமையைப் பற்றியவை. 245 குதிரைத்திறன் கொண்ட ஒன்றை ஈரச் சாலையில் கையாளத் தெரியுமா என்று கேட்கும் தாள் அந்தக் கோப்பில் இல்லை.

இருக்கவும் முடியாது. நம் ஓட்டுநர் உரிமத் தேர்வு கேட்கும் கேள்வி வேறு. கேரளத்தில் காருக்கு 'எச்', இருசக்கர வண்டிக்கு 'எட்டு'. கம்பிகளை நட்டு, அவற்றை இடிக்காமல் நகர்ந்து காட்டிவிட்டால் பாதி உரிமம் கையில். 2024-இல் இத்தேர்வைக் கடினமாக்க அரசு முயன்றபோது பயிற்சிப் பள்ளிகள் தெருவில் இறங்கிப் போராடின. அவர்களின் பிழைப்புக் கவலை உண்மையானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பழைய தேர்வும் புதிய தேர்வும் ஒன்றைத் தொடவே இல்லை: சக்கரம் பிடிப்பை இழக்கும்போது என்ன செய்வது. அதை நாம் அனைவரும் முதன்முறையாகச் சாலையில்தான் கற்கிறோம். சிலருக்கு அதுவே கடைசி முறையும் ஆகிறது.

இப்போது என் கதை. சென்ற ஜூன், விடியற்காலை, இரவெல்லாம் பெய்து ஓய்ந்த மழை. களியக்காவிளைச் சாலையின் நெரிசலில் இந்தக் காரை ஓட்டுவது பொருளற்றது. விழிஞ்ஞம் பக்கம் கல் ஏற்றிப் போகும் டிப்பர் லாரிகளுக்கு நடுவே, ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு உரச, எல்லோர் முழங்கால் உயரத்தில் நகரவேண்டும். காரோடு பக்கம் புறவழிச் சாலையின் கான்கிரீட் தளம் அந்த நேரத்தில் வெறிச்சோடிக் கிடக்கும். மாமா அங்கே என்னிடம் சாவியைக் கொடுத்தார். "ஓட்டிப் பாரு மக்களே. சொல்லைத் தொகுத்தா போதுமா?"

முதல் பத்து நிமிடங்களில் எனக்கு ஒன்று புரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. திருப்பியைத் தொட்டால் காரின் மூக்கு திரும்பவில்லை, நான் உட்கார்ந்திருந்த இடமே திரும்பியது. முதுகுக்குப் பின்னால் எஞ்சின் மூச்சுவிடுவது எலும்பில் கேட்டது. 22 ஆண்டுகள் பிறருடைய கார்களைச் சரிசெய்து, கொட்டகையிலிருந்து சாலை முனை வரை ஓட்டிப் பார்த்து, சாவியைத் திருப்பிக் கொடுத்த ஒருவர், ஏன் நிலத்தை விற்றார் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அவர் வாங்கியது காரை அன்று. சாலை முனையைத் தாண்டிப் போகும் உரிமையை.

பிறகு அணுகுசாலையில் ஒரு வளைவு. எங்கள் ஊர்ப் பேச்சில் 'வளவு'. நான் வந்த வேகம் அதிகமில்லை. ஆனால் அந்த ஈரத்துக்கு அதிகம். பாதி வளைவில் எனக்கு அச்சம் வந்தது. அச்சம் வந்தால் எல்லோரும் செய்வதைச் செய்தேன்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். என் கால் பிரேக்குக்குப் போவதைப் பார்த்து மாமா, "சவுட்டாதே!" என்று கத்தினார்.

காலை எடுத்ததும் காரின் எடை முன்சக்கரங்களுக்குச் சாய்கிறது. பின்சக்கரங்களின் மேல் இருந்த அழுத்தம் குறைகிறது. எஞ்சினின் பின்னிழுப்பும் அவற்றையே பிடிக்கிறது. பிடிப்பு விடுகிறது. பின்பகுதியிலோ எஞ்சினின் கனம். இடுப்புக்குடம் எளிதில் திரும்பும் என்றேன் அல்லவா? நாம் விரும்பாதபோதும் அது அவ்வளவே எளிதாகத் திரும்பும். முன் எஞ்சின் கார் மெல்ல எச்சரிக்கும். நடு எஞ்சின் கார் எச்சரிக்கும் நேரம் குறைவு. நான் ஓட்டுவதை நிறுத்தினேன். அது ஓடுவதை நிறுத்தவில்லை.

காரின் மின்னணுக் காப்பு தனித்தனிச் சக்கரங்களில் பிரேக்கைப் பிடித்து விடும் அதிர்வை உணர்ந்தேன். சாலையோர வெள்ளைக் கோட்டைத் தாண்டி, குறுக்காக, புல்லில் ஒரு சக்கரத்தோடு கார் நின்றது. எதிரே யாரும் வரவில்லை. பால்காரர் ஒருவர் வந்திருந்தால் இந்தப் பதிவை நான் எழுதியிருக்கமாட்டேன். காரில் குறை ஒன்றும் இல்லை. குறை என் வலக்காலில். மாமா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தப்பு எனக்கது. இங்ஙன வச்சுத் தந்திருக்கக் கூடாது" என்றார்.

அந்த வாக்கியத்தில்தான் என் கருத்து இருக்கிறது. "இந்தக் காரைத் தந்திருக்கக் கூடாது" என்று அவர் சொல்லவில்லை. 'இங்ஙன வச்சு', இந்த இடத்தில் வைத்து, தந்திருக்கக் கூடாது என்றார். அப்படியானால் எந்த இடத்தில் வைத்து? அதற்கு நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில் விடை இல்லை. விளவங்கோடு தாலுக்காவிலும் இல்லை. செட்டிபாளையம் இங்கிருந்து ஒரு பகல் பயணம்.

உதியன்குளங்கரை, அமரவிளைச் சந்திப்புகளில் மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளை இவ்வழியே போகும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எல்லையின் இரு பக்கத்திலும் அவை ஒன்றுபோலவே இருக்கும். மொழி மட்டும் மாறும். இருபது, இருபத்திரண்டு வயது முகங்கள். பல படங்களில் அவர்கள் தம் வண்டியின் மேல் சாய்ந்து நிற்கிறார்கள். வேறு நல்ல படம் வீட்டில் இருந்திருக்காது. அவர்கள் ஓட்டியவை போர்ஷே அல்ல. தவணையில் எடுத்த மோட்டார் சைக்கிளும், சித்தப்பாவின் பழைய காரும். என்னைப் புல்லில் நிறுத்திய மின்னணுக் காப்பு அவற்றில் பெரும்பாலும் இல்லை. என் வலக்கால் செய்த அதே பிழையைச் செய்த அவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. எனக்குக் கிடைத்த இரண்டாம் வாய்ப்பு விலைகொடுத்து வாங்கப்பட்டது என்பதை மறக்க முடியவில்லை.

நம் எதிர்வினைகள் இரண்டே வகை. ஒன்று, வண்டியை வாங்கிக்கொடுத்துக் கொண்டாடுவது. மற்றொன்று, 'பையன்கள் வேகம் பிடித்து அலைகிறார்கள்' என்று ஆசையையே குற்றமாக்குவது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் வகுத்ததற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் புகைக்குழாயை மாற்றி ஓசை கூட்டும் பையன் கேட்பது என்ன? ஓட்டத்தின் உணர்வை. அதைக் கொடுக்க நம்மிடம் இடம் இல்லாததால், அவன் ஓசையை வாங்கிக்கொள்கிறான்.

நம் துறைகளும் இதில் தப்பவில்லை. காரை நுகர்வுக் குறியீடாகப் படிக்கக் கற்ற நாம், அதைக் கைத்தொழில் அறிவாக, உடலின் அறிவாகப் படிக்கக் கற்கவில்லை. களரிக்கும் சிலம்பத்துக்கும் உடலறிவு என்று ஆய்வேடு எழுதுகிறோம். ஈர வளைவில் வலக்காலை எவ்வளவு மெல்ல எடுக்கவேண்டும் என்பதும் உடலறிவுதான். அதைப் பயிலாமல் போவதன் விலை உயிர் என்பதுதான் வேறுபாடு.

நான் கேட்பது பந்தயத் தடம் அன்று. மாவட்டத்துக்கு ஒன்றாக, தண்ணீர் தெளித்து வழுக்கலாக்கிய ஒரு கான்கிரீட் களம். இரண்டு பழைய சிறிய கார்கள், சில பழைய மோட்டார் சைக்கிள்கள், காப்புடை, பயிற்றுநர். உரிமம் பெறுமுன் ஒவ்வொருவரும் அங்கே ஒரு மணி நேரம் வழுக்கிப் பார்க்கவேண்டும். பொறியியல் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் எல்லையின் இரு புறமும் நிறையவே இருக்கின்றன. அவற்றின் மைதானங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடக்கின்றன. கரிவரதன் செய்ததுபோல் ஒரு மாருதி எஞ்சினைப் பின்னால் வைத்து மாணவர்களே வண்டி கட்டலாம். இது செலவு மிக்க கனவு என்போர், சாலையில் ஒரு வளைவைத் திருத்த ஆகும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

மாமா யாருக்கும் காத்திருக்கவில்லை. நண்பர் ஒருவரின் கைவிடப்பட்ட செங்கல் சூளை நிலத்தில், மழை பெய்த ஞாயிற்றுக்கிழமைகளில், அந்தப் பழைய ஆம்னியை வைத்து ஊர்ப் பையன்கள் நான்கைந்து பேருக்குக் கற்றுக்கொடுக்கிறார். வேகம் பதினைந்து, இருபது கிலோமீட்டர். செம்மண் சேற்றில் அந்த வேகமே போதும் வழுக்க. "எடுக்காதே, குறை" என்பதுதான் அவருடைய முழுப் பாடமும். மாமி கட்டன்சாயா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார். நிலத்தைப் பற்றிய கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். கேமன் பெரும்பாலும் உறை போர்த்தி நிற்கிறது. நான் ஆம்னியில் மூன்று ஞாயிறுகள் பயின்றுவிட்டேன். கேமனை மறுபடி கேட்கும் துணிவு இன்னும் வரவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள், ஆய்வாளனாக. சக்கரம் பிடிப்பை இழந்து வண்டி தன்போக்கில் போவதற்கு எங்கள் பக்கத்தில் 'தென்னிப்போச்சு', 'பாளிப்போச்சு' என்று இரண்டு சொற்கள் வழங்குகின்றன. மலையாளத்தின் தென்னுக, பாளுக என்பவற்றோடு உறவுடையவை. ஆனால் அந்த வண்டியை மீட்டு நேர்வழிக்குக் கொண்டுவருவதற்கு, நான் தொகுத்த ஒர்க்‌ஷாப் சொற்களில் இதுவரை ஒரு சொல்லும் அகப்படவில்லை. உங்கள் ஊரில் இருந்தால் எழுதுங்கள்.